வாட்டம் பார்த்து நிறுத்துபவர்

வண்டியைத் தெருமுனையில் தனக்குப் பழக்கமான சமதரையில் விட்டுவிட்டு, ரசமட்டம் என்று தெருவே கூப்பிடுகிற மனிதர் முதலில் தான் மட்டும் நடந்து வருகிறார். தலைக்கவசம் தலையிலேயே இருக்கிறது. மருந்துக் கடை வாசலில் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தரையோடு தரையாகப் பார்வையை ஓட்டுகிறார். எழுந்து குதிகாலால் இரண்டு தட்டு தட்டுகிறார். சட்டைப்பையிலிருந்து சீப்பு நீளத்துக்கு ஒரு மட்டக் கருவியை எடுத்துக் கீழே வைத்து, அதன் கண்ணாடிக்குள் இருக்கும் குமிழி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கிறார்.

கடைக்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, எதையாவது தொலைச்சிட்டீங்களா?"

"இல்ல. உங்க வாசல் ரோட்டுப் பக்கமா சாயுது."

"கடை கட்டுனதுலேருந்து அப்பிடித்தான் இருக்கு."

"அதான் பாத்தேன். தலைவலி மாத்திரை ஒரு அட்டை குடுங்க. நான் நடந்தே வாங்கிட்டுப் போயிடறேன்."

மாத்திரை வாங்க வண்டியில் கிளம்பியவர், கடைசிக் கொஞ்ச தூரத்தை எப்போதும் இப்படித்தான் நடந்து கடக்கிறார்.

அது கனமான மோட்டார் சைக்கிள். நின்ற இடத்தில் இரும்பு அலமாரி மாதிரி நிற்கும். ரசமட்டமோ குள்ளம், ஒல்லி. இருக்கையில் உட்கார்ந்தால் இரண்டு காலிலும் விரல்கள் மட்டும் தரையைத் தொடும். குதிகால்கள் அந்தரத்தில் இருக்கும். ஓடும்போது அந்த வண்டிக்கு எடையே இல்லை. நிற்கும்போதுதான் தன் எடை முழுவதும் அதற்கு ஞாபகம் வருகிறது. அதனால் வண்டி வந்த நாளிலிருந்து எங்கே போவது என்பதை அவர் யோசிப்பதில்லை. எங்கே நிறுத்துவது என்பதைத்தான் யோசிக்கிறார். வாசல் சாய்கிறது என்று முடிதிருத்தும் கடையை மாற்றிவிட்டார். புதிய கடையில் காதோரம் ஒரு பக்கம் மேலும் ஒரு பக்கம் கீழுமாக வெட்டிவிடுகிறார்கள். மட்டம் தவறினால் தூக்கம் வராத மனிதர் இதைப் பொறுத்துக்கொள்கிறார் என்றால், அந்தக் கடை வாசல் அவ்வளவு சமமாக இருக்கிறது என்று அர்த்தம்.

அவர் தரைக்கு டைல்ஸ் பதிப்பவர். எந்தத் தரையும் முழுச் சமமாக இருக்கக் கூடாது என்பது அவர் தொழிலின் பாலபாடம். குளியலறையோ முற்றமோ, விழுந்த தண்ணீர் தானாக வெளியே போக, கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவு வேண்டும். அதற்கு வாட்டம் என்று பெயர். வாட்டம் அதிகமானால் நடப்பவர் கால் தடுமாறும். குறைந்தால் தண்ணீர் தேங்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கிற அந்த நூலிழையைக் கண்டுபிடிக்கத்தான் சட்டைப்பையில் எந்நேரமும் ரசமட்டம் இருக்கிறது. அந்தக் கருவியின் பெயரையே எதிர்வீட்டுத் தையல்காரர் அவருக்கு வைத்துவிட்டார். இப்போது அவருடைய சொந்தப் பெயரைத் தெருவில் யாரும் சொல்வதில்லை. அவரே தொலைபேசியில், "நான் ரசமட்டம் பேசறேன்" என்றுதான் ஆரம்பிக்கிறார்.

வேலை செய்யும் இடத்தில் அவரைப் பார்க்க வேண்டும். முழங்காலில் ரப்பர் பட்டைகளைக் கட்டிக்கொண்டு, மண்டியிட்டு, பின்பக்கமாகவே நகர்ந்து போவார். அவருக்குப் பின்னால் நரைத்த மீசையோடு ஒரு கையாள். இவருடைய வயதுதான் அவருக்கும். இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. ரசமட்டம் தரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், இடது கையைப் பின்னால் நீட்டி உள்ளங்கையை விரிப்பார். ரப்பர் சுத்தியலா, ஈரத் துணியா, இடைவெளிக்கு வைக்கும் பிளாஸ்டிக் துண்டா என்று சொல்ல மாட்டார். அந்த நேரத்துக்கு வேண்டியது எதுவோ அது கையில் வந்து உட்காரும். சரியானதுதானா என்று திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை. அந்தக் கை அப்படி நீள்வது வேலையிடத்தில் மட்டும்தான். வீட்டில் அவர் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட எழுந்து போய்த் தானே எடுத்துக்கொள்வார்.

வண்டி அவர் வாழ்க்கைக்குள் வந்ததும் தரை வழியாகத்தான். புதிதாகத் திறந்த ஒரு வண்டிக் கடைக்கு அவர் டைல்ஸ் பதித்தார். பெரிய வண்டிகளை அதன்மேல் ஏற்றப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கவலை வந்துவிட்டது. "இது எவ்ளோ கனம் இருக்கும்?" என்று விற்பனைப் பையனிடம் கேட்டார். "இருநூறு கிலோ சார், உக்காந்து பாருங்க" என்றான் அவன். தரை தாங்குமா என்று கேட்க வந்தவர் ஏறி உட்கார்ந்தார். முழங்கால் பட்டைகளைக்கூடக் கழற்றவில்லையாம்.

ஏன் வாங்கினீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். நான் கேட்டதே பெரிய விஷயம். அவருடைய வீட்டு மாடியில் குடியிருந்தும், நானும் அவரும் பேசிக்கொள்வது பெரும்பாலும் தலையசைப்பால்தான்.

"இத்தன வருஷமா தரையவே பாத்தாச்சு தம்பி. கொஞ்சம் நிமிந்து பாக்கலாமேன்னுதான்" என்றார். பிறகு, யாரோ ஒட்டுக் கேட்பது போலக் குரலைத் தாழ்த்தி, "அவளும் பஸ்ஸுல நின்னுக்கிட்டே போறா. காலு வீங்கிப் போகுது" என்று மனைவியைப் பற்றிச் சொன்னார்.

நிமிர்ந்து பார்க்க வாங்கிய வண்டியில், தரையைப் பார்த்துக்கொண்டே போகிறார் என்பது வேறு விஷயம். முதல் சர்வீஸ் முடியும்வரை வேகமாகப் போகக் கூடாது என்று மெக்கானிக் சொன்னதை அவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். சைக்கிள்கள் அவரைத் தாண்டிப் போகின்றன. தாண்டும்போது திரும்பிப் பார்த்துவிட்டும் போகின்றன. தெருவில் வண்டியைத் திருப்புவதில்லை. திரும்புவதற்காக மூன்று தெருக்களைச் சுற்றி வருவார். சிக்னலில் எல்லோரும் மைலேஜ் கேட்கிறார்கள். "இன்னும் கேட்டுக்கல" என்பார், ஏதோ வண்டியிடம் கேட்டுச் சொல்ல வேண்டியது போல.

"பொண்ணு பாக்கப் போற மாதிரி போறாருய்யா" என்று தையல்காரர் மிஷினில் கால் வைத்தபடியே சொல்வார். "ஏன் ரசமட்டம், அது நடந்து வருதா, நீ ஓட்டி வர்றியா?"

ரசமட்டம் பதில் சொல்ல மாட்டார். சொல்வதற்கு ஹாண்டில்பாரிலிருந்து கவனத்தை எடுக்க வேண்டும்.

அவருடைய வீட்டு முற்றம் அவரே பதித்தது. ரசமட்டத்தின் கைவேலைக்கு அதுதான் விளம்பரப் பலகை. எவ்வளவு மழை பெய்தாலும், ஒரு டம்ளர் தேநீர் குடித்து முடிப்பதற்குள் முற்றம் காய்ந்திருக்கும். புதிய வேலை பேச வருகிறவர்களுக்கு அவர் மாதிரிப் படங்கள் காட்டுவதில்லை. ஒரு குவளைத் தண்ணீரை முற்றத்தில் ஊற்றுவார். அது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இடது மூலையில் இருக்கிற ஓட்டையைத் தேடி ஒரே கோடாக ஓடும். வந்தவர்கள் அத்தோடு வேலையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

வினை அந்த இடது மூலையில்தான் இருந்தது. வண்டிக்கு சைடு ஸ்டாண்டு இருப்பதும் இடது பக்கம். வலது பக்கம் என் மாடிப்படி இருப்பதால் திருப்பி நிறுத்தவும் இடமில்லை. ஆகவே ஸ்டாண்டின் சாய்வோடு தரையின் சாய்வும் சேர்ந்துகொள்ள, வண்டி படுக்கத் தயாரானவன் மாதிரி இடது பக்கம் நன்றாகச் சரிந்து நிற்கும். கிளம்பும்போது அதை நிமிர்த்த வேண்டும். ரசமட்டம் ஏறி உட்கார்ந்து, விரல்களைத் தரையில் ஊன்றி, மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுப்பார். நல்ல நாள் என்றால் வண்டி நடுவில் வந்து நிற்கும். கெட்ட நாள் என்றால் நடுவைத் தாண்டி வலது பக்கம் போகும். அந்தப் பக்கம் அதைத் தாங்குவதற்கு இருப்பது, மண்டியிட்டு மண்டியிட்டுத் தேய்ந்துபோன வலது முழங்கால்.

முதல்தடவை அது விழுந்ததை ஜன்னலிலிருந்து பார்த்தேன். விழுந்தது என்று சொல்ல முடியாது. ஒரு யானை உட்காருவதைப் போல, நிதானமாக, வேறு வழியில்லாமல் சாய்ந்தது. முன்னால் இருக்கிற வளைந்த காப்புக் கம்பி தரையில் மோத, ஒரு டைல்ஸில் கீறல் விழுந்தது. ரசமட்டம் ஒதுங்கி நின்று முதலில் டைல்ஸைத்தான் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. உடனே ஒரு வாளித் தண்ணீரும் பழைய பிரஷ்ஷும் கொண்டுவந்து, வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அதன் அடிவயிற்றைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"என்ன, வண்டியப் படுக்கப் போட்டுட்ட?" என்று எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது.

"அடிப்பக்கம் சேறு. இப்பிடிப் போட்டாத்தான் கழுவ வரும்."

தையல்காரர் நம்பிவிட்டார். தரையையே பார்த்துப் பழகியவர் வண்டியையும் அடியிலிருந்துதான் பார்ப்பார் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். தெரு காலியாகும்வரை ரசமட்டம் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு எப்படியோ, ஒரு கடப்பாரையையும் இரண்டு செங்கல்லையும் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தூக்கி நிறுத்தினார். முடிந்ததும் வெகுநேரம் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

அதன் பிறகு அந்த வண்டி அடிக்கடி கழுவப்பட்டது. தெருவிலேயே அடிப்பக்கம் இவ்வளவு பளபளப்பாக இருக்கும் வண்டி அதுதான்.

நம்பாதவர் ஒருவர் இருந்தார். ரசமட்டத்தின் மனைவி. தெருவுக்கே அவர் அக்கா. எனக்கும் அப்படித்தான். மருத்துவமனை வார்டில் உதவியாளர். நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைப்பதும், உட்கார வைப்பதும், தூக்கி நாற்காலியில் மாற்றுவதும் அவர் வேலை. கணவரைவிட ஒரு சாண் உயரம். வீட்டுக்குள் சமைத்துக்கொண்டிருக்கும்போது பெட்ரோல் வாசனை வந்தால், அக்கா முதலில் அடுப்பை அணைப்பார். பிறகு சமையலறையிலேயே நின்றுகொண்டிருப்பார். வெளியே வர மாட்டார். வாசனை போனதும் மறுபடி அடுப்பைப் பற்றவைப்பார்.

"என்னங்க, இன்னைக்கும் கழுவுனீங்களா?"

"ஆமா. ஒரே தூசி."

"வார்டுல தெனம் பாக்கறேன். கட்டில்லேருந்து விழுந்தவங்க எல்லாரும் மொதல்ல என்ன சொல்லுவாங்க தெரியுமா? 'நான் விழல சிஸ்டர், சும்மா கீழ உக்காந்தேன்'னுதான்."

ரசமட்டம் எழுந்துபோய் உப்பை எடுத்துக்கொண்டார் என்று அக்கா எனக்குச் சொன்னார்.

அக்கா அந்த வண்டியில் ஏறவில்லை. பின்னிருக்கையின் கால்தாங்கிகள் கம்பெனியிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையோடு மடங்கியே இருந்தன. காலையில் அக்கா பையை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடப்பார். ரசமட்டம் வண்டியோடு பின்னால் வருவார். பிறகு பக்கத்தில் வருவார். ஒருவர் நடக்கும் வேகத்தில் அந்த வண்டியை ஓட்டுவதுதான் உலகத்திலேயே கஷ்டமான காரியம். ஹாண்டில்பார் குடிகாரன் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும்.

"ஏறும்மா. ஆஸ்பத்திரி வாசல்லயே விட்டுடறேன்."

"நீங்க முன்னாடி போங்க. என்மேல சாஞ்சிடப் போகுது."

"பயமா?"

"வண்டியப் பாத்து என்ன பயம்? அது விழுந்தா விழுந்ததுன்னு கெடக்கும். நீங்க விழுந்தா கழுவறேன்னு சொல்லுவீங்க. பின்னாடி நான் உக்காந்திருப்பேன். எனக்கு அடிபட்டாலும் அவளக் கழுவறேன்னுதானே சொல்லுவீங்க?"

ரசமட்டத்தின் வண்டி நின்றுவிட்டது. பழக்கத்தில் அவசரமாகக் குனிந்து தரையைப் பார்த்தார்.

"விழுந்துட்டேன், தூக்கிவிடுன்னு ஒரு நாள் சொல்லுங்க. அன்னைக்கு ஏறுறேன்" என்று சொல்லிவிட்டு அக்கா போய்விட்டார். பஸ்ஸில் அன்றும் நின்றுகொண்டேதான் போனார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தீர்வு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு டைல்ஸ் துண்டை வைத்தால் போதும். அந்த உயரத்தில் வண்டி அவ்வளவு சரியாது. நிமிர்த்த அவ்வளவு இழுக்கவும் வேண்டாம். உடைந்த துண்டுகள் சுவரோரம் குவியலாகவே கிடக்கின்றன. மெக்கானிக் சொன்னார். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் வீடியோவில் பார்த்துவிட்டுச் சொன்னாள். தையல்காரர்கூடச் சொன்னார்.

ரசமட்டம் ஒப்பவில்லை. அவருடைய தொழிலில் அதைவிடக் கேவலம் கிடையாது. மட்டம் வராத இடத்தில் அடியில் துண்டு சொருகிச் சமாளிப்பவனை அவர் பக்கத்தில் சேர்ப்பதில்லை. உணவகத்தில் மேசைக் காலுக்கு அடியில் மடித்த காகிதம் இருந்தால், அவருக்குச் சாப்பாடு இறங்காது. "முட்டு குடுத்து நிக்கற பொருள் என்னைக்குமே நிக்காது தம்பி. அது நிக்கற மாதிரி நடிக்கும்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். வாட்டத்தை மாற்றி முற்றத்தையே பெயர்த்துப் பதிக்கலாமா என்றுகூட ஒரு ஞாயிற்றுக்கிழமை சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தார். "தரையில கை வெச்சீங்க, நான் வார்டுலயே படுத்துக்குவேன்" என்று அக்கா சொன்னதும் கோட்டைக் காலால் அழித்துவிட்டார்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை. அக்காவுக்குப் பகல் முறை வேலை. நான் பல் தேய்த்துக்கொண்டு ஜன்னலருகே நின்றிருந்தேன். ரசமட்டம் வண்டியில் ஏறி, ஈரத் தரையில் விரல்களை ஊன்றி, மூச்சைப் பிடித்து இழுத்தார். வண்டி நிமிர்ந்தது. நடுவைத் தாண்டியது. வலது விரல்கள் வழுக்கின. பழைய மாதிரியே, யானை உட்காருவது போலத்தான் இந்தத் தடவையும் விழுந்தது. ஆனால் அவர் ஒதுங்கி நிற்கவில்லை. கீழே உட்கார்ந்திருந்தார்.

வாயைக் கொப்பளிக்காமலேயே இறங்கி ஓடினேன். காப்புக் கம்பி வண்டியைத் தூக்கிப் பிடித்திருந்ததால் காலில் எடை இறங்கவில்லை. ஆனால் ஷூ, கால்தாங்கிக்கும் தரைக்கும் நடுவே நன்றாக மாட்டிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். சட்டைப்பைக்குள் கையைவிட்டு ஒரு மஞ்சள் துணியை எடுத்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே பெட்ரோல் டாங்கைத் துடைக்க ஆரம்பித்தார்.

"ஒண்ணுமில்ல தம்பி. நீங்க போங்க. மழைத் தண்ணி நின்னுருக்கு, அதான் தொடைக்கிறேன்."

டாங்கின் மூடியிலிருந்து பெட்ரோல் கசிந்தது. உள்ளே அடுப்பு அணையும் சத்தம் கேட்டது. நான் போவதா நிற்பதா என்று தெரியாமல் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றேன். இந்தத் தடவை அக்கா சமையலறையில் நிற்கவில்லை. சீருடையோடு, தோளில் பையோடு வாசலுக்கு வந்தார். கணவரின் முகத்தைப் பார்த்தார். ஷூவைப் பார்த்தார். விரல்களை அசைக்கிறாரா என்றுகூடப் பார்த்திருப்பார். அது அவர் தொழில்.

"என்ன பண்றீங்க?"

"தொடைக்கிறேன்."

"உக்காந்துக்கிட்டா?"

ரசமட்டம் துடைத்துக்கொண்டே இருந்தார். பெட்ரோல் ஒரு மெல்லிய கோடாகி, வண்டிக்கு அடியில் நுழைந்து, ஈரத்தில் வானவில் நிறங்களைப் பரப்பியபடி இடது மூலையை நோக்கி ஓடியது. எங்கும் தேங்கவில்லை. மூவரும் அதைப் பார்த்தோம்.

"பாத்தியா" என்றார் ரசமட்டம், தன்னை மறந்து. "ஒரு சொட்டு நிக்கல பாரு."

"பாத்தேன்" என்றார் அக்கா. "தரை நல்லாத்தான் இருக்கு. நீங்க எப்பிடி இருக்கீங்க?"

எதிர்வீட்டில் தையல் மிஷினின் ஓசை நின்றது. ரசமட்டம் அந்தப் பக்கம் பார்க்காமலே அதைக் கவனித்தார். துணியை இரண்டாக மடித்தார். நான்காக மடித்தார். அதற்கு மேல் மடிக்க முடியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"விழுந்துட்டேன்" என்றார்.

அக்கா தோளிலிருந்து பையை இறக்கவில்லை. இன்னும் ஏதோ மீதி இருக்கிறது என்பதுபோல நின்றார்.

"காலு மாட்டிக்கிச்சு. கொஞ்சம் தூக்கி விடும்மா."

அக்கா பையைப் படியில் வைத்தார். அதற்குப் பிறகு எல்லாம் வார்டில் நடப்பது போலவே நடந்தது. "தம்பி, சாவிய ஆஃப் பண்ணுங்க. அந்தப் பக்கம் போயி ஸ்டாண்ட வெளிய இழுத்து விடுங்க. வண்டி அந்தப் பக்கமா சாஞ்சிடாம பாத்துக்கங்க" என்றார். வண்டிக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, இருக்கையின் விளிம்பில் இடுப்பைப் பொருத்தி, ஒரு கையால் ஹாண்டில்பாரையும் ஒரு கையால் பின்கம்பியையும் பிடித்து, கொஞ்சமாக எம்பினார். ஷூ விடுபட்டது. ரசமட்டம் எழுந்தார். முழங்காலை ஒருமுறை மடக்கிப் பார்த்தார். பிறகு, எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் நின்றார்.

"இப்பிடி வாங்க. என் பக்கத்துல. முதுக வளைக்காதீங்க, கால்ல தள்ளணும். பேஷன்ட்ட உக்கார வைக்கறோம்னு நெனச்சுக்கங்க."

"பேஷன்ட் இவ்ளோ கனமா இருப்பாங்களா?"

"பேஷன்ட் வலிக்குதுன்னா வலிக்குதுன்னு சொல்லுவாங்க. அதனால கனம் தெரியாது."

இருவரும் வண்டிக்கு முதுகைக் காட்டி, ஒரே பெஞ்சில் உட்கார வந்தவர்கள் மாதிரி, என் மாடிப்படியைப் பார்த்தபடி அருகருகே குனிந்தார்கள். சின்னச் சின்ன அடிகளாகப் பின்னால் நகர்ந்தார்கள். பின்பக்கமாக நகர்வது ரசமட்டத்துக்குப் புதிதல்லவே. செங்கல்லும் கடப்பாரையும் ஒரு மணி நேரம் செய்த வேலை, ஒரு பெருமூச்சில் முடிந்தது. வண்டி நடுவில் வந்து நின்றது.

"விடட்டுமா?" என்றார் அக்கா.

"விடாத." ரசமட்டத்தின் குரல் சின்னதாக இருந்தது. "புடிச்சுக்க."

அக்கா பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே என்னிடம், "தம்பி, அந்தச் செவுத்தோரம் இருக்கறதுல ஒரு துண்டு எடுங்க" என்றார்.

நான் ரசமட்டத்தைப் பார்த்தேன். அவர் வாய் ஏதோ சொல்லத் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. சொரசொரப்பான ஒரு துண்டை எடுத்து ஸ்டாண்டுக்கு அடியில் வைத்தேன். வண்டியை மெதுவாக இறக்கினார்கள். யாரோ சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது போல இலேசாகத் தலையைச் சாய்த்து அது நின்றது. ரசமட்டம் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"ஒரு நூல் ஒசரம் கூடுதல்தான்" என்றார். "பரவால்ல."

பெட்ரோலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். தண்ணீர் தனக்குத் தெரிந்த வழியில் ஓடியது. எதிர்வீட்டிலிருந்து, "என்ன ரசமட்டம், இன்னைக்கு ரெண்டு பேரா கழுவறீங்க?" என்று குரல் வந்தது.

"கழுவலய்யா. விழுந்துட்டேன்" என்று ரசமட்டம் சத்தமாகச் சொன்னார். மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

பின்னிருக்கைக் கால்தாங்கிகளின் பிளாஸ்டிக் உறையை ரசமட்டம் நகத்தால் கிழித்தார். வரவில்லை. பல்லால் கிழித்தார். இரண்டையும் விரித்து, மஞ்சள் துணியால் துடைத்துவிட்டு, ஏறி உட்கார்ந்தார். வண்டியை நிமிர்த்த இந்தத் தடவை மூச்சைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. அக்கா ஸ்டாண்டுக்கு அடியில் இருந்த துண்டை எடுத்து, ஈரத்தைச் சீருடையில் துடைத்து, சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் பைக்குள் போட்டார்.

"அது எதுக்கு?"

"ஆஸ்பத்திரி வாசல்லயும் தரைதானே இருக்கும்?"

அக்கா பின்னால் ஏறி உட்கார்ந்ததும் வண்டி கொஞ்சம் அமுங்கியது. ரசமட்டத்தின் குதிகால்கள் தரைக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்தன. பின்னால் இருப்பவர் தலை முன்னால் இருப்பவர் தலைக்கு மேலே தெரிய, இருவரும் தெருவில் போனார்கள். முதல் சைக்கிள் தாண்டுவதற்கு ரொம்ப நேரமாகவில்லை.

மாலையில் அந்த வண்டியின் நிதானமான தடதடப்பு தெருமுனையில் கேட்டபோது ஜன்னலுக்கு வந்தேன். பின்னிருக்கையில் அக்காவோடு அது நேராக முற்றத்துக்குள் நுழைந்து, வழக்கமான இடத்துக்கு வந்து, அணைந்தது. ரசமட்டம் இடது காலால் ஸ்டாண்டைத் தட்டி விரித்தார். வண்டியைச் சாய விடவில்லை. விரல்களில் நின்றபடி அதை நிமிர்த்திப் பிடித்திருந்தார். பின்னாலிருந்து பையின் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது.

அவர் திரும்பவில்லை. குனிந்து தரையைப் பார்க்கவும் இல்லை. இடது கையைப் பின்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்தார்.